முனியாண்டி பெரட்டுக்குப் பதில் சொன்ன சாயங்காலம்

இதை நான் யாரிடம் சொன்னாலும் அவர்கள் முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான். பேச்சுவாக்கில் கொஞ்சம் கிட்டே வந்து என் வாயை முகர்ந்து பார்ப்பார்கள். நீங்களும் பார்க்கலாம், எனக்குக் கோபமில்லை, வெற்றிலை வாசம்தான் வரும். தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டின காலத்தில் நான் குடித்த குடிக்குத் தலவாக்கலைத் தவறணைக்காரர் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார் என்று கேலி செய்வார்கள். அதெல்லாம் பழைய கதை, விட்டுப் பல வருசமாகிவிட்டது.

பேய், பிசாசு, முனி, காத்துக் கருப்பு, இதில் எதையும் நான் நம்பினவன் இல்லை. தைரியசாலி என்று பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்கு அதற்குத் தனிக் காரணம் இருந்தது. குடியை நிறுத்திய முதல் வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது சுவர் முழுக்கச் செவ்வெறும்பு ஊர்ந்தது, செத்துப்போன என் அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று லொறிச் சாவியைக் கேட்டார், கொடுக்க மாட்டேன் என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் போர்வையோடு கட்டிலுக்குக் கீழே புகுந்துகொண்டார். குடியை நிறுத்தும்போது மூளை இப்படித்தான் விளையாடும் என்று டாக்டர் சொன்னார். சொன்ன மாதிரியே கொஞ்ச நாளில் எறும்பும் போனது, அப்பாவும் போனார். மனிதன் காண்கிற பேயெல்லாம் அவனவன் மண்டைக்குள் இருப்பதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, அது உன் மூளையப்பா என்று எனக்கே பாடம் நடத்தாதீர்கள். அந்தப் பாடத்தை நான் முன்பே படித்துவிட்டேன்.

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு இருக்கிறது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். முன்பு அது புள்ளக்காம்பரா, கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். புதுக் கட்டடம் வந்த பிறகு பூட்டிக் கிடந்ததைத் தோட்டத்தில் கேட்டு வாங்கினோம். சுவரில் வரைந்த வாத்தும் முயலும் இன்னும் இருக்கின்றன. ஏணை கட்டின இரும்புக் கொக்கிகள் உத்தரத்தில் வரிசையாகத் தொங்குகின்றன, அவற்றில் நாங்கள் சட்டை மாட்டுகிறோம். வழுக்கையும் நரைத்த மீசையுமாக ஆறு ஆண்பிள்ளைகள் வாத்துப் படத்துக்குக் கீழே போர்த்திக்கொண்டு படுத்துக் கிடப்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்ததுதான்.

எல்லோரும் குடியை விட்டவர்கள், அல்லது விட்டுக்கொண்டிருப்பவர்கள். எங்களுக்கு மேலே அதிகாரி கிடையாது, கதவுக்குப் பூட்டும் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவன் நேராகத் தன் லயத்து வீட்டுக்குப் போனால் பக்கத்துக் காம்பராக்காரன் போத்தலோடு வாசலில் நிற்பான், அதனால் கொஞ்ச காலம் எங்களோடு இருந்து, வேலைக்குப் போய், முறைவைத்துச் சமைத்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். வேலிக்குள்ளே ஒரு சொட்டு வரக் கூடாது என்பது சட்டம். தவறிப்போய்க் குடித்துவிட்டவனைத் திட்டக் கூடாது என்பதும் சட்டம். திட்டு வாங்கித் திருந்துவதாக இருந்தால் நாங்கள் எல்லாம் கல்யாணமான மறுநாளே திருந்தியிருப்போம்.

இன்னொன்று பெரட்டு. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புவதைத்தான் பெரட்டு என்போம். எங்கள் பெரட்டு சாயங்காலம், தவறணை களைகட்டத் தொடங்குகிற நேரத்தில். எல்லோரும் முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்காருவோம், ஒருவர் பேர் கூப்பிடுவார், கூப்பிடப்பட்டவர் ‘இன்னக்கி குடிக்கல’ என்று சொல்ல வேண்டும். நேற்றையதைக் கேட்பதில்லை, நாளைக்கு உள்ளதையும் கேட்பதில்லை. பதில் வராவிட்டால் சத்தம் போட்டுத் தேடுவதும் இல்லை, யாராவது எழுந்துபோய் அந்த ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே பக்கத்தில் தோள் பட உட்கார வேண்டும். பேச வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும்.

இனி முனியாண்டிக்கு வருகிறேன். இஸ்தோப்புக்கு நேரே, வேலிக்குள்ளேயே, சவுக்கு மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாக அவர் இருந்தார். புள்ளக்காம்பரா கட்டுவதற்கு முன்பே இருந்தவர் என்பார்கள். ஒரு நாள் பெரட்டு முடிகிற நேரம் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“வேலிக்குள்ள இருக்கிற ஆளெல்லாம் பேர் சொல்லணும்னா அவரும் சொல்லணும்தானே? நம்ம எல்லாரையும் விடப் பெரிய குடிகாரன் அவருதான்யா. நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து ஊத்திக் குடுத்துக்கிட்டே இருக்கோம்” என்று சொல்லிவிட்டு, “முனியாண்டி!” என்று கூப்பிட்டேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அது வழக்கமாகிப்போனது. கடைசிப் பேர் முனியாண்டி, பதில் வராது, கொஞ்சம் காத்திருப்போம், சிரிப்போம், பிளேன்டீ குடிக்கப் போவோம். சுனில் மட்டும் சிரிக்க மாட்டான். அவன் சிங்களவன், நுவரெலியாப் பக்கம் மரக்கறி லொறியில் வேலை செய்தவன், அரைகுறைத் தமிழில் எங்களோடு குப்பை கொட்டுகிறவன். “தெய்யோ எக்க செல்லம் எப்பா, அய்யே” என்று என்னை அதட்டுவான், சாமியோடு விளையாடாதே அண்ணே என்று அர்த்தம். நான் கேட்டால்தானே.

சிவனு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. அவன் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியைச் சில வருசத்துக்கு ஒருமுறை முட்டளவுக்கு வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து, கத்தி கொஞ்சம் சறுக்கினாலும் காலில்தான் விழும். அப்படிப்பட்ட கத்தியைக் குடித்துவிட்டும் பிசகாமல் வீசினவன் என்று அவனுக்குப் பேர். அவன் மகள் சுகந்திக்குக் கொட்டகலைக் கோயிலில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை வந்து வேலிப் படலைக்கு வெளியிலேயே நின்றுகொண்டது. உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

“அப்பா நெதானமா வந்தா அப்பாவே தார வாக்கட்டும். இல்லாட்டி மாமா வாக்கட்டும். குடிச்சிட்டு வர்றதுன்னா நீங்க வரவே வேணாம்ப்பா, சொல்லிட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னது, குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. கன்னிகாதானத்தில் தகப்பன் கையால் தண்ணீர் வார்ப்பதைவிட ஒரு மனிதனுக்கு வேறென்ன பெருமை இருக்கிறது, சொல்லுங்கள். சிவனு அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் ஒரு புது வேட்டி வாங்கிவந்து ஏணைக் கொக்கியில் மாட்டிவைத்தான். ராத்திரி படுக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே படுப்பான். அவனைவிட எங்களுக்குத்தான் பயமாக இருந்தது, பெண் வீட்டார் மாதிரி ஆளுக்கு ஆள் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீரையாக் கங்காணி வந்தார். கவ்வாத்து ஆட்களுக்கு அவர்தான் தலைவர்.

“தம்பி, சனிக்கெழம கவ்வாத்து தொடங்குறோம். வெள்ளிக்கெழம சாயங்காலம் முனிக்குப் படைக்கணும்.”

“தாராளமாப் படைங்க கங்காணி. சேவலக் கொண்டாங்க, சுருட்டக் கொண்டாங்க. சாராயம் மட்டும் வேணாம்.”

“சாராயம் இல்லாம முனிக்குப் படைக்கிறதா? நல்லாருக்கு கத! கத்தி சறுக்கி ஒருத்தன் காலு போச்சின்னா நீ வந்து வெட்டுவியா மலைய?”

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. முனி அவர்களுக்கும் முனிதான், வேலி போட்டது நாங்கள். போத்தலை மூடி திறக்காமல் முனிக்கு முன்னால் வைப்பது, அது அங்கேயே இருந்து விடிவது, விடியற்காலையில் எடுத்து ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்துவிட்டு மலைக்கு ஏறுவது, இதுதான் அவர்கள் வழக்கம். அப்படியென்றால் ஒரு ராத்திரி முழுக்க எங்கள் வேலிக்குள் ஒரு முழுப் போத்தல் நிற்கும். நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், சிவனு முந்திக்கொண்டான்.

“வைக்கட்டும்ணே. அந்தக் கத்தியப் புடிக்கிறவன் எல்லாம் என்னோட வேல செஞ்ச பயலுக. எனக்காக அவனுக காலுல ரத்தம் வரக் கூடாது.”

கவ்வாத்துக்காரனே அப்படிச் சொன்ன பிறகு லொறிக்காரன் நான் என்ன பேசுவது? சரியென்று விட்டோம்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள், சேவல் அறுத்தார்கள், பொங்கினார்கள், கல்லுக்கு மஞ்சள் பூசி, போத்தலையும் சுருட்டையும் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் படலையைத் தாண்டிப் போன கொஞ்ச நேரத்தில் பனி இறங்கியது. நம்ம பக்கத்துப் பனி உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, வெளிச்சம் இருக்கும்போதே வந்து முன்னால் இருக்கிற மரத்தைத் துடைத்துவிடும். முனியாண்டி இருக்கிற திசையில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

அன்றைக்குப் பேர் கூப்பிடுகிற முறை என்னுடையது. எல்லோரும் வந்து உட்கார்ந்தோம், சிவனுவைக் காணவில்லை. அவனுக்குச் சமையல் முறை, விறகு எடுக்கப் போனான் என்று ஒருவர் சொன்னார். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். ‘இன்னக்கி குடிக்கல’, ‘இன்னக்கி குடிக்கல’ என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சுனில் வழக்கம்போலச் சிங்களத்தில் சொன்னான்.

“சிவனு.”

பதிலில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன், அப்போதும் இல்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எழுந்து போக வேண்டும், சட்டம் அதுதான், ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என் கால் எழும்பவில்லை. போனால் என்ன பார்க்கப்போகிறேனோ என்ற பயம். கொக்கியில் தொங்குகிற வேட்டி வேறு கண்ணில் பட்டுத் தொலைத்தது. அந்தப் பயத்தில் வாய் தன்பாட்டில் பழக்கதோசத்தில் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டது.

“முனியாண்டி.”

“இன்னக்கி குடிக்கல.”

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். பனிக்குள்ளிருந்து, சவுக்கு மரத்துப் பக்கமிருந்து, ஆண் குரல். உரக்கச் சொன்ன குரல் இல்லை. சாமி வந்து ஆடுகிறவர்கள் போடுகிற சத்தம் மாதிரியும் இல்லை. வீட்டுக்குப் புதிதாக வந்தவன் முதல் நாள் பெரட்டில் தலையைக் குனிந்துகொண்டு, தொண்டை நடுங்க, தன்னைத்தானே நம்பாமல் ஒரு மாதிரி சொல்வான் பாருங்கள், அப்படி.

நாங்கள் ஐந்து பேரும் அது சிவனு என்றுதான் நினைத்தோம். சுனில்தான் முதலில் எழுந்து ஓடினான், அவன் பின்னால் நாங்கள். சிவனு கல்லுக்கு முன்னால் ஈரப் புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்திருந்தான், மூடி மடியில் கிடந்தது. முகமெல்லாம் கண்ணீர். நான் போத்தலைத்தான் முதலில் பார்த்தேன், கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது, ஒரு சொட்டுக் குறையவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தவன், மறுபக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அப்ப இந்தப் பக்கம் ஒக்காந்திருந்தது யாருண்ணே?”

“யாருமில்லயே. நாங்க இப்பதான வர்றோம்.”

“இல்லண்ணே. மூடியத் தொறந்துட்டேன். வாய்க்கிட்டக் கொண்டு போயிட்டேன். அப்ப நீங்க வந்து பக்கத்துல ஒக்காந்தீங்க. தோளு பட்டுச்சி. நீங்கதான்னு நெனச்சி நா திரும்பல, வெக்கமா இருந்துச்சி. நீங்க இஸ்தோப்புல இருந்து பேர் கூப்புடுறதும் கேக்குது, பக்கத்துல தோளும் இருக்கு. அப்பறம் அந்த ஆளு ஒங்க பக்கம் பாத்து சொன்னாரு, இன்னக்கி குடிக்கலன்னு. எனக்குக் கையி தானா கீழ எறங்கிருச்சிண்ணே.”

“நீ சொல்லலியா?”

“நா எப்பிடிண்ணே சொல்லுவேன்? எனக்கு வாயே வரலியே.”

அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு வந்தோம். நானும் சுனிலும் சேர்ந்தே போய், ஒருவர் கையில் போத்தல் தனியாக இருக்கக் கூடாது என்று, வேலிக்கு வெளியே மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கொட்டிவிட்டு வந்தோம். பிறகு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம். சிவனுதான் சொல்லியிருப்பான், குடிக்கிற வெறியில் சொன்னது அவனுக்கே தெரியாமல் போயிருக்கும் என்று நான் சொன்னேன். டாக்டர் சொன்ன மூளைக் கதையையும் எடுத்துவிட்டேன். அப்போது சுனில் கேட்டான்.

“சிவனுக்கு சிங்களம் தெரியும்?”

“ஒரு வார்த்த தெரியாதே.”

“அப்ப எப்பிடி அவர் சிங்களத்துல சொன்னது?”

நாங்கள் அவனைப் பார்த்தோம். அவன் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான், அவனுக்குக் கேட்டது ‘அத பிவ்வே நே’ என்று, தினமும் பெரட்டில் அவன் சொல்கிற அதே வார்த்தை. எங்கள் நாலு பேருக்கும் கேட்டது தமிழில். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவனும் குடிக்கவில்லை, நாங்களும் குடிக்கவில்லை, ஒரே குரல், இரண்டு பாஷை. மூளை விளையாடினது என்கிறீர்களே, ஐந்து மண்டைக்குள்ளே ஒரே நேரத்தில் எந்த மூளை புகுந்து விளையாடும்?

விடியற்காலையில் கங்காணி வந்தார். போத்தலைக் கொட்டிவிட்டோம் என்றால் மனிதர் எகிறிக் குதிப்பார் என்று பயந்துகொண்டேதான் நடந்ததைச் சொன்னேன். அவர் குதிக்கவில்லை, என் வாயை முகர்ந்தும் பார்க்கவில்லை.

“கொரலு எப்பிடி இருந்துச்சி?” என்று மட்டும் கேட்டார்.

“புதுசா வந்தவன் கொரலு மாதிரி இருந்துச்சிங்க. பயந்து பயந்து சொல்றவன் மாதிரி.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கல்லுக்கு முன்னால் போய் நின்றார். கும்பிடவில்லை. பிறகு சொன்னார்: “எங்க பாட்டன் காலத்துல இருந்து ஊத்துறோமே சாமி. வேணுமான்னு ஒருத்தனும் கேக்கலியே.”

நான் வேடிக்கைக்குச் சொன்னதைத்தான் அவர் சொன்னார், ஆனால் அவர் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அவர்கள் ஒரு மடக்கும் குடிக்காமல்தான் மலைக்கு ஏறினார்கள். அந்தக் கவ்வாத்து முடிகிற வரைக்கும் யார் காலிலும் கத்தி படவில்லை.

கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். சிவனு புது வேட்டியில் மணவறைக்குப் பக்கத்தில் நின்றான். செம்பைத் தூக்கியபோது சுகந்தி அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தது. கை கொஞ்சம் நடுங்கியது, உண்மைதான், ஆனால் அது வேறு நடுக்கம், மகளைக் கட்டிக் கொடுக்கிற எல்லாத் தகப்பனுக்கும் வருகிற நடுக்கம். தண்ணீர் விழுந்தது. அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது பாருங்கள், நான் கோயில் தூணுக்குப் பின்னால் போய்நின்று அழுதேன், சுனில் எனக்கு மேலே அழுதான். இப்போது சிவனு தன் குடும்பத்தோடுதான் இருக்கிறான், பேரனைத் தூக்கிக்கொண்டு சில நாள் எங்களைப் பார்க்க வருவான்.

இதோடு கதை முடிந்திருந்தால் முனி காப்பாற்றினார் என்று தேங்காய் உடைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என்னை இன்றைக்கும் உறுத்துகிற விசயம் வேறு. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகும் நாங்கள் பெரட்டில் கடைசியாக முனியாண்டி பேரைக் கூப்பிடுகிறோம், யாரும் சிரிப்பதில்லை. ஆனால் பதில் ஒரு நாளும் வரவில்லை. ஒருநாள் சுனில்தான் எடுத்துக் கொடுத்தான், பதில் வராவிட்டால் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதுதானே சட்டம், அவருக்கு மட்டும் என்ன விலக்கு என்று. அதிலிருந்து தினமும் பெரட்டு முடிந்ததும் ஒருவர் ஒரு கிளாஸ் பிளேன்டீயோடு போய் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறோம்.

எங்கள் வேலிக்குள் இப்போது போத்தல் வருவதே இல்லை, கங்காணிகூடப் பிளேன்டீயும் கருப்பட்டியும் வைத்துத்தான் படைக்கிறார். ஆனாலும் சில சாயங்காலம், பனி இறங்கினதும், நான் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்திலிருந்து பச்சைச் சாராய வாடை வரும். யார் எங்கே ஊற்றிக் கொடுத்தார்களோ, எந்தத் தோட்டத்தில் கூப்பிட்டு வைத்துப் படைத்தார்களோ, எனக்குத் தெரியாது. நான் ஒன்றும் கேட்பதில்லை. தவறிப்போய்க் குடித்துவிட்டவரைத் திட்டக் கூடாது. அன்றைக்கு மட்டும் கிளாஸைக் கல்லுக்குக் கொஞ்சம் கிட்டே தள்ளி வைத்துவிட்டு, தோள் பட இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பேன்.